இருபத்துநான்கு சமாதிக் கற்களும் சாகாத இருபத்துநான்கு பேரும்

புதிதாகச் சுங்க வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நான் வரிப் புத்தகம் சொல்லித் தரப்போவதில்லை. இப்போதைய புத்தகம் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்தப் பொடி எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. முப்பது வருட வேலையில் நான் சரியாகச் செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னால் பின்வரிசையில் இருப்பவர்கள் தூங்கிவிடுவீர்கள். அதனால் நான் செய்த ஒரு கோளாறைச் சொல்கிறேன். செய்யும்போது அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ரப்பர் விலை ஏறி, நேற்று வரை ஓலைக் குடிசையில் இருந்தவர்கள் மாடி வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். ஜொகூர் நீரிணைக் கரையில் ஒரு சின்னப் படகுத்துறை. அதன் மேல் தகரக் கூரை போட்ட சுங்கக் கொட்டகை. சிங்கப்பூரிலிருந்து டோங்காங் என்னும் சரக்குப் படகுகள் வந்து நிற்கும். இறக்கிய பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே இருப்பது இன்ன சாமான், இதற்கு இன்ன வரி என்று எழுதுவது கிராணியான என் வேலை. கையெழுத்துப் போடுவது நிலையத் தலைவரின் வேலை. அவர் மலாய்க்காரர், நாங்கள் துவான் என்று கூப்பிடுவோம். பெட்டியை உடைப்பது பாக் டின். அவருக்குக் கடப்பாரை பிடிக்கத் தெரியும், சிரிக்கத் தெரியும். அந்த வேலைக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த நாள் புத்தகத்தில் கல்லைப் பற்றி மூன்றே வரிகள் இருந்தன. எழுத்து வரியைச் சொல்கிறேன். மலையில் உடைத்தபடியே வருகிற முரட்டுக் கல், பணம் கட்ட வேண்டாம். மெருகேற்றிய கட்டடக் கல், கட்ட வேண்டும், அதுவும் கை கடிக்கும் அளவுக்கு. இறந்தவர் பெயர் பொறித்த நினைவுக் கல், கட்ட வேண்டாம். மூன்றாவது வரியை எழுதிய அதிகாரிக்கு அந்த வாரம் யாரோ வேண்டியவர் இறந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

ஒருநாள் காலை ஆறு பெட்டிகள் இறங்கின. கூடவே வந்த காகிதத்தில், ‘பெயர் பொறித்த நினைவுக் கற்கள், இருபத்துநான்கு’ என்று எழுதி, யார் யாருக்கு எந்தக் கல் என்று பெயர்ப் பட்டியலும் போட்டுக் கையெழுத்து இட்டிருந்தது. வரவழைத்தவரும் கையெழுத்துப் போட்டவரும் வேலாயுதக் கங்காணி. உலு திராம் போகிற வழியில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கங்காணி. தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டி வந்தவர், அந்த ஆட்களை வேலை வாங்குகிறவர், அவர்கள் இருக்கும் லயத்தில் யார் இருக்கலாம் யார் போகலாம் என்று சொல்கிறவரும் அவரே. நான் அந்த லயத்தில் பிறந்தவன். என் அப்பா அப்போதும் அங்கேதான் பால் வெட்டிக்கொண்டிருந்தார்.

“இருபத்துநாலு பேரா கங்காணியாரே? காலராவா?” என்று கேட்டேன்.

“காய்ச்சல்தான். போன மழையில. பாவம், நம்ம சனங்க” என்றார் கங்காணி. தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தின் நுனியால் கண்ணையும் ஒற்றிக்கொண்டார்.

பாக் டின் பெட்டியைத் திறந்தார். வைக்கோலுக்குள் பளிங்குக் கற்கள் இரண்டிரண்டாக, முகத்தோடு முகம் ஒட்டி, நடுவில் காகிதம் வைத்து அடுக்கியிருந்தன. ஒன்றைத் திருப்பினேன். என் மீசை அதில் தெரிந்தது. அத்தனை மெருகு. அந்த முகத்தில் ஓர் எழுத்துக் கிடையாது. பெயர் பின்பக்கத்தில், சொரசொரவென்று கிடந்த முதுகில் வெட்டியிருந்தது. எல்லாக் கல்லும் ஒரே அளவுச் சதுரம். ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி அறுத்தவை. மூலையில் பென்சிலால் மூன்றாம் வரிசை, இரண்டாம் கல் என்பதுபோல எண் வேறு. பெயரை மண்ணுக்குள் புதைத்து வெறும் முகத்தை வெளியே காட்டும் சமாதியை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

பெயர்களைப் படித்தேன். கறுபபன. காததாயி. சினனசாமி. எந்தக் கல்லிலும் ஒரு புள்ளி கூட இல்லை.

“வெட்டினவன் சீனன்” என்றார் கங்காணி. “தாள்ல இருந்த புள்ளிய எல்லாம் ஈ எச்சம்னு நெனச்சிட்டான் போல.”

கங்காணி ஊருக்குள் மாடி வீடு கட்டிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். பாக் டின்னுக்குத் தெரியும். படகுத்துறையில் படுத்திருந்த நாய்க்குக்கூடத் தெரியும். இது அந்த வீட்டுக் கூடத்தின் தரைக் கல். நான் அந்த நிமிடம் ‘மெருகேற்றிய கட்டடக் கல்’ என்று எழுதித் துவானிடம் நீட்டியிருந்தால் கங்காணி கொஞ்ச நேரம் கத்திவிட்டுக் கட்ட வேண்டியதைக் கட்டிப் போயிருப்பார். உங்களுக்குச் சொல்ல எனக்குக் கதை இருந்திருக்காது.

பேனாவை எடுத்தும்விட்டேன். அப்போது கங்காணி, கரையில் நின்றிருந்த வியாபாரிகளைப் பார்த்து, “நம்ம லயத்துப் பையன்தான். இவங்கப்பன கப்பல்ல ஏத்திக் கொண்டாந்தது நான். சீக்கிரம் எழுதிக் குடுத்துருவான்” என்றார். என் முதுகில் ஒரு தட்டும் தட்டினார்.

எனக்கு அந்தத் தட்டு பிடிக்கவில்லை. வரி கட்ட வைத்தால் போதாது, இந்த ஆளை எல்லார் முன்னாலும் கொஞ்சம் ஆட வைக்க வேண்டும் என்று தோன்றியது.

“சரிங்க, நினைவுக் கல்லுன்னே வச்சுக்குவோம்” என்றேன். “ஆனா சட்டம் ஒண்ணு இருக்கு. செத்தவங்க வாரிசு நேர்ல வந்து ரேகை வச்சு வாங்கணும். ஒரு கல்லுக்கு ஒரு வாரிசு. மொத்தம் இருபத்துநாலு பேரு.”

அப்படி ஒரு சட்டம் எங்கும் இல்லை. கங்காணி விழிப்பார், வழிவார், எல்லாரும் சிரிப்பார்கள், பிறகு உண்மையை ஒப்புக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். அவர் விழிக்கவில்லை. தாடையைச் சொறிந்தபடி என்னைப் பார்த்தார்.

“அவ்வளவுதானே. நாளைக்குக் கூட்டியாறேன்” என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிப் போனார்.

விஷயத்தைத் துவானிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வரிப் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, “அந்தச் சட்டம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்று மலாயில் கேட்டார்.

“இல்லை துவான். ஒரு விளையாட்டுக்குச் சொன்னேன்.”

“யாரோடு விளையாடுகிறாய்?”

“கங்காணியோடு.”

“நீ ஆரம்பித்ததை நீயே முடி” என்று சொல்லிவிட்டுச் சொங்கோக் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பேச்சு முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கங்காணி குதிரை வண்டியில் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் சாலையோரமாக ஒற்றை வரிசையில் ஆட்கள் நடந்து வந்தார்கள். ஒன்பது மைல். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து அப்படியே ஓட்டி வந்திருந்தார். அன்றைக்கு அவர்களுக்கு வேலை கிடையாது, வேலை இல்லையென்றால் கூலியும் கிடையாது. கொட்டகை நிழலில் உட்கார்ந்து காலை நீட்டினார்கள். பாதிப் பேரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கறுப்பன் இருந்தார். சின்னசாமி இருந்தார். காத்தாயி இருந்தாள். கங்காணி இருபத்துநான்கு வாரிசுகளைக் கொண்டுவரவில்லை. செத்தவர்களையே நேராகக் கூட்டி வந்துவிட்டார்.

அவர் செய்தது இதுதான். கல்லை அனுப்பிய சிங்கப்பூர் ஏஜெண்டு, “பெயர் வெட்டினால் வரி இல்லை, பெயர் கொடுங்கள்” என்று கேட்டிருக்கிறான். கங்காணி யோசிக்காமல் தோட்டத்து ஆள் பதிவேட்டிலிருந்து முதல் இருபத்துநான்கு பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார். நான் வாரிசு கேட்டதும் புருஷன் செத்ததற்குப் பெண்டாட்டி ரேகை, பெண்டாட்டி செத்ததற்குப் புருஷன் ரேகை, அண்ணனுக்குத் தம்பி, தம்பிக்கு அண்ணன் என்று ஜோடி சேர்த்துக் கொண்டுவந்துவிட்டார். ஆட்களிடம் சொன்னது, “சர்க்கார்ல பேர் பதியறாங்க.”

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வீர்கள். நான் அதைச் செய்யவில்லை. இல்லாத சட்டத்தைச் சொன்னது நான். என் கையாலேயே எழுதிய இருபத்துநான்கு தாள்கள் மேசைமேல் இருந்தன. கரையில் வியாபாரிகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது பின்வாங்கினால் ஆடுகிறவன் நானாகிவிடுவேன். மைப்பெட்டியைத் திறந்து முதல் ஆளைக் கூப்பிட்டேன்.

ஏழு பேருடைய கட்டைவிரலை நானே பிடித்து மையில் அழுத்தித் தாளில் வைத்தேன். ஏழாவது ஆள் சின்னசாமி. வயதானவர். அவர் ரேகை வைத்தது, அவர் மனைவி இருளாயி காய்ச்சலில் இறந்துபோனாள் என்று எழுதியிருந்த தாளில். வைத்துவிட்டு, “புண்ணியமா போவும்யா” என்று என்னைக் கும்பிட்டார்.

எட்டாவதாக வந்தவள் காத்தாயி. முப்பத்தைந்து வயதிருக்கும். நல்ல உயரம். சேலை முழுக்க ரப்பர்ப் பால் காய்ந்த கறை. அவள் விரலைப் பிடித்தேன். விரல் வரவில்லை.

“இதுல என்னா எழுதியிருக்கு கிராணியாரே?”

“பேர் பதியறாங்கன்னு சொன்னேன்ல. வை” என்றார் கங்காணி.

“எம்பேர யாரும் கேக்கலியே. எம்புருசன் பேரத்தானே கேட்டாரு. அவரு பேருக்கு நான் எதுக்கு ரேக வைக்கணும்? அவருக்கு வெரல் இல்லியா?”

பின்னால் அவள் புருஷன் கறுப்பன் வெற்றிலையை மென்றபடி தன் விரலைத் தூக்கிக் காட்டினார்.

“படிங்க” என்றாள் காத்தாயி.

கங்காணி என் பக்கத்தில் வந்து குனிந்தார். அவருடைய அத்தர் வாசனை மூக்கில் ஏறியது. “சவரி, உங்கப்பன் இன்னும் என் லயத்துலதான் இருக்கான்” என்றார் மெதுவாக.

அந்த இடத்தில் எனக்குப் பெரிய ஞானம் எதுவும் வந்துவிடவில்லை. அறை ஜன்னலில் துவான் நிற்பது தெரிந்தது. அவர் தலையை ஆட்டவும் இல்லை, கண்ணைக் காட்டவும் இல்லை. காத்தாயி விரலை நீட்டியபடியே நின்றாள், வைக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. நான் தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தேன்.

“கறுப்பன் என்பவர் காய்ச்சல் கண்டு இறந்துபோனபடியால், அவர் மனைவியும் வாரிசுமாகிய காத்தாயி என்னும் நான், மேற்படியாரின் சமாதிக் கல்லைப் பெற்றுக்கொண்டேன்.”

வரிசை முழுக்கக் கறுப்பனைத் திரும்பிப் பார்த்தது.

“நானா?” என்றார் கறுப்பன். கையை நெஞ்சில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு வெற்றிலையைத் துப்பிவிட்டு, “எப்பத்துலேருந்து?” என்று கேட்டார்.

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு வரிசையில் பரவியது. ஒருவரையொருவர் காட்டி, “நீ செத்துட்டியாடா?” “நீயும்தான்டி” என்று ஒரே ரகளை. எனக்கும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் தப்பித்துவிட்டோம் என்ற நினைப்பும் வந்தது. அப்போதுதான் சின்னசாமி எழுந்து வந்தார். அவர் சிரிக்கவில்லை.

“ஐயா, நான் வச்ச தாள்ல என்னா எழுதியிருக்கு?”

நான் தாள்களைப் புரட்டினேன்.

“எம்பொஞ்சாதி காய்ச்சல்ல கெடக்கா ஐயா. தோட்டத்து ஆசுபத்திரியில. நாலு நாளா.” கையை நீட்டினார். “அதத் திருப்பிக் குடுத்துருங்க.”

தாளை எடுத்துக் கொடுத்தேன். அதை எப்படிக் கிழிப்பது என்று தெரியாதவர்போல வைத்துக்கொண்டு நின்றார். நான் வாங்கிக் கிழித்தேன். மற்ற ஆறையும் கிழித்தேன். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அந்தக் கட்டைவிரலை வேட்டியில் தேய்க்க ஆரம்பித்தார். அந்த மை அவ்வளவு லேசில் போகாது.

துவான் வெளியே வந்தார். கங்காணிக்கு வணக்கம் சொல்லி, நாற்காலி போடச் சொல்லி, மரியாதையாகவே கேட்டார். “இவை நினைவுக் கற்களா, கட்டடக் கற்களா?”

கங்காணி சுற்றிப் பார்த்தார். வந்திருந்த அத்தனை பேரும் உயிரோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “கட்டடக் கல்லுதான் துவான். காகிதத்துல தப்பா எழுதிட்டாங்க. மாத்திக் குடுத்துர்றேன்.”

“மாற்றலாம்” என்றார் துவான். என்னை எழுதச் சொன்னார். நான் பேனாவை மையில் தொட்டேன்.

“ஒரு நிமிசம்” என்றாள் காத்தாயி. “எம்பேரு போட்ட கல்லு எது?”

பாக் டின் எடுத்துக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தின் மேல் விரலை வைத்துத் தடவினாள்.

“எம்பேருதானா?”

“ஆமா. புள்ளி மட்டும் விட்டுப்போச்சு” என்றேன்.

“போனா போவுது. நேத்து வரைக்கும் இது எனக்குன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்காரு. இன்னிக்கு எப்படி இல்லாமப் போச்சு? நாங்க ஒம்பது மைலு நடந்து வந்தமே, சும்மாவா? எங்கல்லக் குடுங்க.”

இதைத் துவானுக்கு மலாயில் சொன்னேன். அவர் காகிதத்தை வாங்கிப் பட்டியலைப் பார்த்தார். கங்காணியிடம் திரும்பினார்.

“இந்தக் கல் இவளுக்கு என்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அது உண்மையா, பொய்யா? பொய் என்றால் சொல்லுங்கள். அதற்கு வேறு ஃபாரம் இருக்கிறது. கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும்.”

கங்காணியின் நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்குக்கு வந்தது. “அவளுக்குத்தான் துவான்” என்றார்.

துவான் மற்றவர்களையும் கேட்கச் சொன்னார். உன் கல் உனக்கு வேண்டுமா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். தன் சமாதிக் கல்லை யார் வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள்? கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகினார்கள். கறுப்பனும் வேண்டாம் என்றுவிட்டார். சின்னசாமி தலையைத் தூக்கவே இல்லை.

“எழுது” என்றார் துவான். “மெருகேற்றிய கட்டடக் கல், இருபத்துமூன்று. நினைவுக் கல், ஒன்று, வரி இல்லை.”

எனக்குச் சட்டம் நினைவுக்கு வந்தது, வேண்டாத நேரத்தில். “துவான், புத்தகத்தில் ‘இறந்தவர்’ பெயர் பொறித்த கல் என்று இருக்கிறது. இவள் இறக்கவில்லையே.”

துவான் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “எப்போது இறக்க வேண்டும் என்று போட்டிருக்கிறதா?”

போட்டிருக்கவில்லை. எழுதினேன்.

காத்தாயி முந்தானையைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தாள். பாக் டின்னும் கறுப்பனும் கல்லைத் தூக்கி ஏற்றினார்கள். கழுத்தை ஒருமுறை சரி செய்துகொண்டு நடக்க ஆரம்பித்தாள். பளபளத்த முகம் மேலே இருந்ததால் அவள் போகும்போது தலையில் ஒரு துண்டு வானம் போவதுபோல இருந்தது. பாக் டின், “அலமாக்” என்று மலாயில் வியந்துவிட்டு அவள் வளைவில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். சாயங்காலம் துவான் கூப்பிட்டார்.

“சவரி, அது தரைக் கல் என்று உனக்கு எப்போது தெரியும்?”

“பெட்டியைத் திறந்ததுமே துவான்.”

“அப்படியானால் அத்தனை பேர் ஏன் ஒன்பது மைல் நடந்தார்கள்?”

நான் பேனா முள்ளைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“நீ கெட்டிக்காரன். அதுதான் உன் வியாதி. கங்காணியோடு விளையாடுவதாக நினைத்தாய். அவர் தன் காசை வைத்து ஆடவில்லை, அவர்களை வைத்து ஆடினார். நாளைக் காலை பெரட்டுக்குப் போ. சர்க்கார் காகிதம் எதிலும் அவர்கள் சாகவில்லை என்று பெயர் பெயராகச் சொல்லிவிட்டு வா. நடந்து போ.”

நடந்து போனேன். பெரட்டுக் களத்தில் நின்று பெயர் பெயராகச் சொன்னேன். கங்காணி சற்றுத் தள்ளிக் குடையை ஊன்றிக்கொண்டு கேட்டார். சின்னசாமி அங்கே இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தார். இருளாயி அதற்கு இரண்டு நாள் கழித்து இறந்துபோனாள். ஏற்கனவே முற்றிய காய்ச்சல், தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெஸ்ஸர் முதல் நாளே கையை விரித்திருந்தார். இதையெல்லாம் சின்னசாமியிடம் நான் சொன்னேன், என் அப்பா சொன்னார், டிரெஸ்ஸரும் சொன்னார். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஆனால் அதன் பிறகு சம்பளத் தாளில் ரேகை வைக்கும்போது மற்றக் கையைத்தான் நீட்டினாராம். அந்தக் கட்டைவிரலை எந்தக் காகிதத்திலும் அவர் திரும்ப வைக்கவில்லை. உங்கள் மேசைமேல் மைப்பெட்டி இருக்கும். அதைத் திறக்கும்போது இது ஞாபகம் வந்தால் போதும்.

கங்காணி பழியைத் தீர்க்காமல் ஒரு வாரத்துக்கு மேல் வைத்திருக்கவில்லை. என் அப்பா ஒரு தகரப் பெட்டியும் ஒரு கோழியுமாக என் குவாட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். “ஊர்ல எல்லாரும் மகன் உத்தியோகம் பாத்தா வீடு வாங்குவான்னாங்க. நீ இருந்த வீட்டையும் புடுங்கிக் குடுத்துட்ட” என்றார். கோழியைச் சமையலறையில் கட்டினார். அடுத்த பதினொரு வருடம் என்னோடுதான் இருந்தார், தினமும் ஒருமுறை இதைச் சொன்னார்.

அதே வாரம் காத்தாயியும் கறுப்பனும் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார்கள். வண்டியில் இரண்டு பாத்திரம், ஒரு பாய், அந்தக் கல்.

“லயத்த விட்டுப் போவச் சொல்லிட்டாரு” என்றாள் காத்தாயி. “தாளப் படிச்சது நீங்கதானே. இப்ப எங்க போவட்டும், சொல்லுங்க.”

கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பதுபோலக் கேட்டாள். துவானிடம் போனேன். இந்த முறை சிரித்துக்கொண்டு போகவில்லை. படகுத்துறை ஓரம் கொட்டகைக்குப் பக்கத்தில் அவள் ஒரு சாப்பாட்டுக் கடை போட்டுக்கொள்ள அவர் இடம் வாங்கிக் கொடுத்தார். கறுப்பனுக்கு மூட்டை தூக்கும் வேலை. காத்தாயி அந்தப் பளிங்கின் மேல் மாவு பிசைந்தாள். குளிர்ந்த கல், மாவு ஒட்டாது. அவள் போட்ட ரொட்டிக்காக மலாய்க்காரர்களும் சீனப் படகோட்டிகளும் வரிசையில் நின்றார்கள். துவான் தினமும் இரண்டு. என் அப்பா மூன்று தின்றுவிட்டு உப்பு இல்லை என்பார்.

ஒரு வருடம் கழித்துக் கங்காணி வீட்டுக் கிரகப்பிரவேசம். எனக்கும் அழைப்பு வந்தது. அவர் மனத்தில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனிதர். அடுத்த படகில் அவருக்கு நிலைக்கண்ணாடி வேறு வர இருந்தது.

போனேன். வாசலில் நாகசுரம், வாழை மரம், சர்பத். கூடத்தில் பளிங்குத் தரை கண்ணைப் பறித்தது. எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று, காலுக்கு எவ்வளவு குளுமை என்று பேசிக்கொண்டார்கள். நான் வாசற்படியிலேயே நின்றேன். இருபத்துமூன்று பெயர்கள் குப்புறக் கிடந்தன. அதில் ஒன்று இருளாயி. எந்தக் கல் என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. கால் வைக்க யோசனையாக இருந்தது. ஓரமாகச் சுவரை ஒட்டியே நடந்தேன்.

கூடத்தின் நட்டநடுவில், நாற்காலி எதுவும் போடாத இடத்தில், ஒரு சின்னக் கோரைப்பாய் விரித்திருந்தது. அவ்வளவு பெரிய பணக்கார வீட்டுக்கு அந்தப் பாய் பொருந்தவில்லை. குனிந்து ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே இரண்டடிச் சதுரத்துக்கு வெறும் சிமெண்டு.

தலைக்கு மேல் அத்தர் வாசனை வந்தது. நிமிர்ந்தேன். கங்காணி கையில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்.

“இன்னொரு கல்லு வரவழைக்கக் கூடாதா?” என்றேன்.

“எழுதிப் பாத்தாச்சு. அதே நிறத்துல இனிமே வராதாம்.” சந்தனத்தை என் கையில் தடவினார். “அவகிட்டயே போய்க் கேட்டேன். என்னா வெல வேணாலும் தரேன்னு சொன்னேன்.”

“என்ன சொன்னா?”

“ரொட்டியப் பெரட்டிக்கிட்டே சொல்றா, ‘செத்த பொறவு வந்து எடுத்துக்கிடுங்க’ன்னு.”

“யாரு செத்த பிறகு?”

கங்காணி பாயைக் காலால் இழுத்துச் சிமெண்டை மூடினார்.

“அத அவ சொல்லல” என்றார்.